செவர்லேவுக்குக் கரி அடுப்பு

சேசு மரி சூசை
இலுப்பூர், 12-1-1949

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி லூர்துநாதன் எழுதியது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானும் செல்வியும் அங்கே சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா விட்டுப்போன செவர்லே வண்டியில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. ஓட்டுவது நான் என்றாலும், அதில் ஒரு ஆணி அடிப்பதாக இருந்தால்கூட உன்னைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று அப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. இப்போது வைக்க நினைப்பது ஆணி இல்லை, அடுப்பு.

பெட்ரோல் கூப்பன் படும் பாடு உனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது, பங்கீடு முடியவில்லை. வாடகைக் காருக்குக் கிடைக்கிற கூப்பன் மாதத்தில் பத்து நாள் ஓட்டத்துக்குக்கூடப் போதவில்லை. மற்ற நாளெல்லாம் வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சந்தைப்பேட்டை வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஆட்கள் வந்து கேட்கிறார்கள். 'இன்னிக்கி இல்லங்க' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

திருச்சியில் ஒரு பஸ் கம்பெனி புதிதாக டீசல் வண்டிகள் வாங்கியிருக்கிறது. பழைய பஸ்களில் இருந்த கரி அடுப்புகளைக் கழற்றி விற்கிறார்கள். மரக்கரியை அதில் போட்டு எரித்து, வருகிற காஸை வடிகட்டிக் குழாய் வழியாக இன்ஜினுக்கு அனுப்புவது. பெட்ரோல் கூப்பனுக்காக எந்த ஆபீஸ் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

செலவு இது: அடுப்பு, வடிகட்டி, குழாய் எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய். மாட்டுகிற கூலி நாற்பது. ஒரு மூட்டைக் கரியில் ஐம்பது மைல் போகலாம். அதே ஐம்பது மைலுக்குப் பெட்ரோல் மூன்று காலனுக்கு மேல் வேண்டும். மூட்டையின் விலையோ ஒரு காலன் விலையைத் தொடவில்லை.

நஷ்டத்தையும் எழுதிவிடுகிறேன். வேகம் குறையும். மேடு ஏற முனகும். பின்னால் பெட்டி படுக்கை வைக்கிற கேரியர் போய்விடும். பின்பக்கத் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

நீ வேண்டாம் என்றால் வண்டியை விற்றுவிட்டு அதே பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்துவிடுகிறேன். காக்கிச் சட்டை இரண்டு கொடுக்கிறார்களாம். அப்படிச் சேர எனக்கு மனசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி
லூர்துநாதன்


சே. ம. சூ.
அறந்தாங்கி, 19-1-1949

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான்தான் உரக்கப் படித்தார். கணக்கு வாத்தியார் இல்லையா, மைல் என்ற சொல் வந்ததுமே பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவர் தட்டில் சோறு ஆறிப்போனது.

'ஒன் தம்பி சொல்றது சரிதான் சூசை. ஒரே வருசத்துல அடுப்போட வெல கைக்கு வந்துரும்' என்றார்.

'வெல வந்துரும், வண்டி இருக்குமா?' என்று கேட்டேன்.

அதற்குக் கணக்கில் வழி இல்லையாம்.

முதலில் சந்தோஷமான சேதி. செல்விக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. ஆவூர் சந்தனசாமி மகன் அடைக்கலம். நல்ல பிள்ளை, அதிகம் பேசுவதில்லை. தவசு காலம் கழிந்து, ஆவூர்ப் பாஸ்கு நாடகமும் முடிந்த பிறகு, ஏப்ரல் 27 புதன்கிழமை இங்கே எங்கள் கோவிலில் பூசை. நீ தாய்மாமன். மாமன் மாலையும் சேலையும் உன் கையிலிருந்துதான் வர வேண்டும். பொண்ணும் மாப்பிள்ளையும் கோவிலிலிருந்து வீடுவரை ஊர்வலமாக வருவது நம் வண்டியில். இதில் மாற்றம் கிடையாது.

இப்போது உன் அடுப்பு. நீ போட்ட கணக்கெல்லாம் மைலில் இருக்கிறது. நம் வண்டி எந்தக் காலத்தில் மைலில் சம்பாதித்தது? கல்யாண ஊர்வலம், பிள்ளைகளின் புதுநன்மை ஊர்வலம், டூரிங் கொட்டகைக்குத் தமுக்கு அடித்து நோட்டீஸ் கொடுப்பது. மேளக்காரர் நடக்கிற நடைக்கு மேல் அது வேகமாகப் போன நாள் வருஷத்தில் பாதிகூட இருக்காது. அந்த நடையில் உன் அடுப்பு என்ன செய்யும்? என் வீட்டு அடுப்பு ஊதாவிட்டால் அணைந்துபோகிறது. உன் அடுப்பை யார் ஊதுவது? விசாரித்து எழுது. அதன் பிறகு தகட்டை வெட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

காக்கிச் சட்டை என்று பயம் காட்டாதே. உனக்குக் காக்கி நன்றாகத்தான் இருக்கும்.

அக்கா
சூசைமேரி


சே. ம. சூ.
இலுப்பூர், 2-2-1949

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி சேதி கேட்டு இங்கே ஒரே சந்தோஷம். உன் தம்பி பெண்டாட்டி இப்போதே சேலைக்கு நிறம் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நீ கேட்டதை யுத்த காலம் முழுக்கக் கரி பஸ் ஓட்டிய திருப்பதியிடம் கேட்டேன். புதுக்கோட்டை லைனில் இப்போதும் ஓட்டுகிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'ஓடுனா எரியும்ணே. நின்னா தூங்கிரும். ஊர்வலத்துல நடக்க விட்டீங்கன்னா கொட்டாவி விடும்.'

விவரம் இதுதான். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் அதுவே காற்றை இழுத்து அடுப்பைக் கனிய வைத்துக்கொள்ளும். மெதுவாகப் போனால் இழுப்புக் குறைந்து கரி மங்கும். காஸ் மெலிந்து இன்ஜின் நின்றுவிடும். அப்படி நின்றால் பின்னால் இருக்கும் கைவிசிறியைச் சுற்றித் திரும்பவும் கனிய வைக்க வேண்டும். காலையில் முதல் தடவை பற்றவைக்கும்போதும் அப்படித்தான். வண்டி கிளம்ப அரை மணி ஆகும். ஆக, நீ கேட்டது சரியான கேள்வி. மைலைப் பார்த்தேன், நடையைப் பார்க்கவில்லை.

அதற்கும் வழி இருக்கிறது. டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு வைக்கிறார்கள். இந்தப் பக்கம் திருப்பினால் கரி, அந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல். கரியில் ஓடும் வண்டிக்கும் கொஞ்சம் கூப்பன் உண்டு. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அதைச் செலவழிக்காமல் இரண்டு காலன் டின்னில் வாங்கி, மூடியில் அரக்கு வைத்து ஒட்டிவிடுகிறேன். அதைச் செல்வி ஊர்வலத்தன்று கோவில் வாசலில்தான் உடைப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுப்பு விற்கிறவர்கள் இந்த மாதக் கடைசிக்கு மேல் காத்திருக்க மாட்டார்களாம். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி போடு.

தம்பி
லூர்துநாதன்


சே. ம. சூ.
அறந்தாங்கி, 10-2-1949

தம்பிக்கு,

சரி. வெட்டிக்கொள்.

வேப்பமரத்தடியில் வண்டி நிற்பது, நீ வீட்டில் நிற்பது, இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் சம்மதிக்கிறேன். உன் அத்தானின் பென்சிலுக்காக இல்லை.

ஒன்று மட்டும் நினைவில் வை. மாப்பிள்ளைக்கு அத்தை ஒருத்தி இருக்கிறாள், அந்தோணிமேரி என்று பெயர். கல்யாணம் நிச்சயம் செய்ய ஒப்பாத்தத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டு ஓட்டை எண்ணிவிட்டுப் போனவள். சகுனம் பார்ப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் ஒரு கல்யாணக் கார் பாதி வழியில் நின்றதாம். அந்தப் பெண்ணை இன்றைக்கும் 'கார் நின்ன வீட்டுப் பொண்ணு' என்றுதான் சொல்கிறாளாம். என் மகளுக்கு அப்படி ஒரு பேர் வரக் கூடாது. அன்றைக்கு வண்டி நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அக்கா
சூசைமேரி


சே. ம. சூ.
இலுப்பூர், 6-3-1949

அன்புள்ள அக்காவுக்கு,

அடுப்பு ஏறிவிட்டது. பார்க்க அழகாக இல்லை. பின்னால் ஒரு ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை. யாரோ பாய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஓடுகிறது. இந்த ஒரு வாரத்தில் வண்டி ஒரு நாள்கூட மரத்தடியில் நிற்கவில்லை. விராலிமலைக்கு இரண்டு நடை, புதுக்கோட்டைக்கு மூன்று, ஆவூருக்கு ஒன்று.

கணக்கில் வராத செலவுகள் சிலவற்றை இப்போதுதான் கண்டுபிடித்தேன். சோப்பு. துண்டு. வேட்டி வெள்ளையாக இருந்த காலம் போயிற்று. தினமும் வடிகட்டியைப் பிரித்துத் தட்ட வேண்டும். கரியில் மண் கலந்திருந்தால் இன்ஜினுக்கு ஆகாது என்பதால் உன் தம்பி பெண்டாட்டி அரிசி புடைக்கிற சுளகில் கரியைப் புடைக்கிறாள். அவள் எனக்குக் கொடுக்கிற பட்டங்களை எழுத மாட்டேன்.

மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நேற்று ஒரு வெற்றிலை வியாபாரி, 'கூலியும் குடுத்து வண்டியும் தள்ளுறோம், எங்களுக்கு நீங்கதான் டீ வாங்கித் தரணும்' என்றார். வாங்கிக் கொடுத்தேன். அதுவும் ஒரு செலவு.

சாம்பல் புதன் அன்று காலை ஒரு சவாரி முடித்துவிட்டு அப்படியே கோவிலுக்கு ஓடினேன். சாம்பல் பூச வந்த சுவாமியார் என் நெற்றியைப் பார்த்துக் கையை நிறுத்திவிட்டார். 'ஒனக்கு நான் வேற பூசணுமா லூர்து?' என்றார். பக்கத்தில் முழங்காலில் இருந்தவர்களெல்லாம் தவசு காலத்தை மறந்து சிரித்துவிட்டார்கள்.

டின்னில் முதல் காலன் விழுந்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவதும் விழும்.

தம்பி
லூர்துநாதன்


சே. ம. சூ.
அறந்தாங்கி, 2-5-1949

லூர்துவுக்கு,

கல்யாணம் முடிந்த களைப்பு ஆறட்டும் என்று ஐந்து நாள் பொறுத்தேன். ஆறவில்லை, எழுதுகிறேன்.

முதல் நாள் மத்தியானமே வருகிறேன் என்றவன் விளக்கு வைத்த பிறகு வந்தாய். கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, வழியில் ஏதோ என்று விட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து பொண்ணு மாப்பிள்ளை வண்டி ஏறினார்கள். கோவில் வாசலில் அரக்கை உடைப்பேன் என்று சத்தியம் செய்தவன் டின்னையே எடுக்கவில்லை. கரியிலேயே கிளப்பினாய். பெரிய கடைத்தெருவில் பாதி தூரம் வருவதற்குள் வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டது. பேண்டுக்காரர்கள் தெரியாமல் முன்னே போய், திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே இரண்டு பாட்டு வாசித்தார்கள். அந்தோணிமேரி என் காதுக்குப் பக்கத்தில் வந்து, 'ஏன் சம்பந்தி, ஒங்க காரு நின்னு நின்னு பீடி குடிக்குதே, மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கிறாதுல்ல?' என்று கேட்டாள். எனக்குத் தரை பிளந்துகொள்ளாதா என்று இருந்தது.

நீ இறங்கினாய். விருந்துக்கு வந்திருந்த திருப்பதியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் விசிறியைச் சுற்றிக்கொண்டே வீடுவரை நடந்து வந்தாய். முன்னால் உட்கார்ந்து வர வேண்டிய தாய்மாமன் பின்னால் புகையில் வந்தான். வாசலில் மாமன் மாலையை எடுத்துச் செல்வி கழுத்தில் போட்டாயே, அந்தச் சம்பங்கி மாலையில் உன் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருக்கிறது. அதைக் கழற்றிப் போடலாம் என்றால் செல்வி விடமாட்டேன் என்று ஆவூருக்கே கொண்டுபோய்விட்டாள்.

இன்னொன்று. பின் சீட்டு ஏன் ஈரமாக இருந்தது? மேலே புது விரிப்பைப் போட்டிருந்தாய், சரி. அடியில் ஈரம். பினாயில் வாசம் வேறு. கூறைச் சேலையில் ஒரு சாண் அளவுக்குக் கறை.

பந்தி நடக்கும்போது நான் போய் வண்டிக்குள் பார்த்தேன். டின் இருக்கிறது. அரக்கு உடைந்திருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இரண்டு மாதம் சேர்த்தது எங்கே போயிற்று? விற்றுவிட்டாயா? பெட்ரோலுக்குக் கறுப்புச் சந்தையில் என்ன விலை என்று எனக்கும் தெரியும். பதில் எழுது.

சூசைமேரி


சே. ம. சூ.
இலுப்பூர், 9-5-1949

அன்புள்ள அக்காவுக்கு,

விற்கவில்லை. டின் காலியானது உண்மை. சத்தியம் செய்து தவறினதும் உண்மை. இதற்கு மேல் இப்போது கேட்காதே.

வண்டியின் மேல் உனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றால் விற்றுவிடலாம். அடுப்போடு கேட்க ஆள் இருக்கிறது. உன் பாதியை அனுப்பிவிடுகிறேன்.

பினாயில் கறைக்கு எலுமிச்சம்பழச் சாறு தேய்த்து நிழலில் காயப்போடச் சொல்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. வெயிலில் போட்டால் நிறம் போய்விடுமாம்.

வண்டி நின்றதற்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

தம்பி
லூர்துநாதன்


சே. ம. சூ.
அறந்தாங்கி, 8-6-1949

தம்பி லூர்துவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்த ஒருவர் தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மரக்கால் கடலை. 'ஆத்தா, கரிக்காரு டிரைவரோட அக்கா நீங்கதானுங்களா?' என்றார். நானும் உனக்கு இன்னும் என்ன கெட்ட பேர் வந்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே, 'ஆமா, உக்காருங்க' என்றேன்.

'எம் பேரு வெள்ளைச்சாமிங்க. இலுப்பூருக்கு அங்கிட்டு நம்ம ஊரு. பொஞ்சாதியும் பொண்ணும் சொகமா இருக்காகன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கல்யாண வீட்டை எங்களால கெடுத்துட்டமேன்னு மனசு ஆறலைங்க.'

எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் தெரியாது என்று சொல்லவில்லை. மோர் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

'செங்கமலத்துக்கு வலி கண்டு ஒரு பகலும் ஒரு ராவும் போயிருச்சுங்க. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. மாட்டு வண்டியில தூக்கிப் போட்டு விடியுற நேரத்துக்கு இலுப்பூரு வந்தா, காரு குளுந்து கெடக்கு. அடுப்பைப் பத்தவச்சுக் கெளம்ப அரை மணி ஆகும்னாரு. சொல்லிட்டு அவ மொகத்தைப் பாத்தாரு. அப்பறம் ஸ்பேனரை எடுத்து டின்னு மூடியில ஒரு அடி. அரக்கு தெறிச்சு விழுந்துச்சு. காரு அன்னிக்கி ஓடுன ஓட்டம் இருக்கே! புதுக்கோட்டை எல்லை வர்றதுக்குள்ள புள்ள காருக்குள்ளயே பொறந்துருச்சு. ஆனா தாய்க்கு ரத்தம் நிக்கலை. ஆசுபத்திரி டாக்டரம்மா சொன்னாக, இன்னும் அரை மணி போயிருந்தா இவ தங்கிருக்க மாட்டான்னு. கூலி என்னங்கன்னு கேட்டேன். எங்க வீட்டுல கல்யாணம், இன்னிக்கி யார்கிட்டயும் வாங்குறதில்லைன்னுட்டாரு.'

பெண் குழந்தை. செவந்தி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அவர் போன பிறகு நெடுநேரம் கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்றாயா என்று கேட்டேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுதின மையை எடுக்க முடியாது. அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. அந்த அடுப்பிலேயே போடு.

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது. முதல் நாள் பிள்ளை பிறந்த சீட்டில் மறுநாள் மணப்பெண்ணை உட்கார வைத்தான், தீட்டு என்று அந்தோணிமேரி ஊரைக் கூட்டுவாள், செல்விதான் அந்தப் பேச்சைக் காலமெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்திருக்கிறாய். அதற்குப் பதில் என்னிடம் திருடன் பேர் வாங்கிக்கொள்வது மேல் என்று இருந்துவிட்டாய். நீ சின்ன வயசிலும் இப்படித்தான், அடி வாங்குவதற்குக் கூச்சப்பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வியைப் பார்க்க ஆவூர் போனோம். பூசை முடிந்ததும் நானே அந்தோணிமேரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்னால் யாராவது சொல்லித் தெரிவதற்கு என் வாயாலேயே தெரியட்டும் என்றுதான். தீட்டு என்று ஒரு சொல் சொன்னால், மாட்டுக் கொட்டிலில் பிறந்த சேசுநாதரைப் பற்றி நாலு வார்த்தை கேட்பது என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, 'தாயும் புள்ளையும் நல்லா இருக்காகளா?' என்றாள்.

'நல்லா இருக்காக.'

'கல்யாணத்துக்கு மொத நாளு பொண்ணு ஏறப்போற வண்டியில ஒரு உசுரு பொறந்துருக்கு, ரெண்டு உசுரு பொழச்சிருக்கு. இதவிட நல்ல சகுனம் எங்கிட்டு இருக்கு சம்பந்தி? இதப்போயி ஒளிச்சு வச்சீகளே! நான் பாட்டுக்குக் காரு பீடி குடிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன். இனி ஒவ்வொரு வீடாப் போயி மாத்திச் சொல்லணும்.'

நான் மனப்பாடம் செய்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. உன் மாலை செல்வி வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பூ காய்ந்துவிட்டது, விரல் போகவில்லை.

இனி வண்டியைப் பற்றி. விற்க வேண்டாம். அடுப்பையும் கழற்ற வேண்டாம். கரி வண்டி என்று ஜனங்கள் பழகிவிட்டார்கள், உனக்கும் ஓட்டம் இருக்கிறது. ஆனால் நீயும் உன் அத்தானும் போட்ட கணக்கில் அந்த அரை மணிக்கு விலை போடவில்லை. நானும்தான் போடவில்லை. ஊர்வல நடையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த எனக்கு, உயிர் போகிற அவசரத்தில் ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதனால் இப்படிச் செய். மாதா மாதம் வரும்படியில் எனக்கு அனுப்புகிற பாதியை இனி அனுப்பாதே. அதில் அந்த டின் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அரக்கு வைத்து மூடி வை. ஊர்வலத்துக்குத் தொடாதே, சவாரிக்குத் தொடாதே. அரை மணி காத்திருக்க முடியாதவர்களுக்கு மட்டும் உடை. வண்டியில் என் பங்கு இனி அந்த டின்தான்.

உன் அத்தான் இதைப் படித்துவிட்டு, 'கணக்கு சரியா வருது' என்றார். பென்சிலை எடுக்கவில்லை.

அக்கா
சூசைமேரி


சே. ம. சூ.
இலுப்பூர், 15-6-1949

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்தப் பழைய கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதில் விராலிமலை எல்லைவரை போயிருப்பேன், அவ்வளவு சூடு அதில்.

டின்னில் சிவப்புப் பெயிண்டால் 'சூ' என்று எழுதி வைத்துவிட்டேன். யாரும் தொடுவதில்லை.

இனி ஊர்வலத்துக்கு வண்டி கேட்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விசிறி சுற்ற உங்கள் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்று. போன வாரம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். 'அறந்தாங்கியில அப்புடித்தான் செஞ்சாகளாமே' என்றார். அது ஏதோ முறை என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

தம்பி
லூர்துநாதன்


சே. ம. சூ.
அறந்தாங்கி, 18-1-1950

தம்பிக்கு,

செல்விக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். 26-ஆம் தேதி குடியரசு ஊர்வலத்துக்கு உன் வண்டியைக் கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அது முடியட்டும். 30-ஆம் தேதி திங்கட்கிழமை நல்லது.

டின்னைத் தொடாதே. போகிறது நம் பிள்ளை என்று உனக்குக் கை துடிக்கும், எனக்குத் தெரியும். அவளுக்கு இப்போது ஒரு அவசரமும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அந்த அரை மணியில் பல் தேய்த்து, காப்பி குடித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பு. மேடு பள்ளம் பார்த்து ஓட்டு. வழியில் வேறு யாருக்காவது அது வேண்டியிருந்தால், செல்வியை ஒரு வீட்டில் இறக்கி உட்கார வைத்துவிட்டுப் போ. அவள் காத்திருப்பாள். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா
சூசைமேரி


சே. ம. சூ.
இலுப்பூர், 24-1-1950

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவோம். கரியிலேயே வருகிறேன். நல்ல கருவேலங்கரி இரண்டு மூட்டை புடைத்து வைத்தாயிற்று. மேட்டில் மாப்பிள்ளை அடைக்கலம் இறங்கித் தள்ளுவார். பேசத்தான் மாட்டார், தள்ளுவார்.

சோறு கொஞ்சம் கூடுதலாக வை. சொல்லிவிட்டு வருவதற்காக நேற்று ஆவூர் போனபோது, அந்தோணிமேரி அத்தையும் வருகிறேன் என்று முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நேற்றே ஏறி உட்கார்ந்தும் பார்த்துவிட்டார்கள். காலடியில் டின் இடித்தது.

'இது என்னய்யா சிவப்பு எழுத்துப் போட்ட டின்னு?'

'அக்காவோட பங்குங்க.'

'காருல பாதி சம்பந்தியோடதுன்னு சொன்னாக. பாதிக் காருக்கு இந்த டின்னுதானா? இதுல என்னய்யா வரும்படி?'

போன மாதம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து மேலே விழுந்ததால், அந்த டின்னை உடைத்து நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாகராசு இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார் என்று உனக்கு எழுத மறந்துவிட்டேன். அவரையும் சேர்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

'இதுவரைக்கும் மூணு பேருங்க' என்றேன்.

தம்பி
லூர்துநாதன்